ஆறு நாடுகளுக்கு ஒரே ஈஆர்பி: ஏழாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

முன்பு என்னுடன் பணிபுரிந்து, இப்போது சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவைக் கவனித்துவரும் அக்கா ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். அவர்களுடைய துணை நிறுவனங்கள் அனைத்திலும், நாங்கள் பயன்படுத்தும் அதே ஈஆர்பி மென்பொருளை (கணக்கு, கொள்முதல், விற்பனை, சரக்கிருப்பு எல்லாவற்றையும் ஒரே கணினி முறையில் நடத்துவது), தலைமையகம் வகுத்த ஒரே டெம்ப்ளேட்டின்படி, அதாவது எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரே அமைப்பு மாதிரியின்படி, நிறுவப் போகிறார்களாம். “தம்பி, ஏழு வருஷமா அதோட இருக்கீங்க, நம்பி எடுக்கலாமா?” என்று கேட்டார். உரிமக் கட்டணம் பற்றியும் மென்பொருளின் எந்தெந்தப் பகுதிகள் கிடைக்கும் என்பது பற்றியும் விற்பவர்களே வேண்டிய மட்டும் சொல்லிவிடுவார்கள் என்பதால், அன்றாடம் அதனுடன் வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் தலைமையகம் ஐரோப்பாவில் இருக்கிறது. வட்டார அலுவலகம் ஜூரோங் ஈஸ்ட்டில். 2018இல் சிங்கப்பூரில் தொடங்கி, ஜொகூர், சென்னை, பேங்காக், ஹோ சி மின் நகரம், ஜகார்த்தா என ஒவ்வொன்றாகக் கோ லைவ் செய்தோம், அதாவது உண்மையான பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தோம். பயன் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பெல்லாம் சென்னைத் தொழிற்சாலை எங்களுக்கு அனுப்பும் சரக்கின் கணக்கும் நாங்கள் பெற்றுக்கொண்ட கணக்கும் மாத இறுதியில் ஒருபோதும் ஒத்துவராது. இரு பக்கத்து எக்செல் கோப்புகளையும் வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணி வரை வரி வரியாகப் பார்ப்போம். இப்போது அங்கே பதிவான மறு நிமிடமே இங்கே அதற்கு இணையான பதிவு உருவாகிவிடுகிறது. பொருள் எண்ணும் எல்லா நாட்டிலும் ஒன்றே. ஒருமுறை ஜொகூரில் ஒரு பம்ப் நின்றுபோனபோது, அங்குள்ள ஸ்டோர் கீப்பர் அதன் சீல் கிட் எண்ணைத் திரையில் அடித்துப் பார்த்து, பேங்காக் கிடங்கில் நான்கு இருப்பதைத் தாமே கண்டுபிடித்து வரவழைத்துக்கொண்டார். யாருக்கும் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பிக் கேட்கவில்லை. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த தம்பி ஒருவர், பழகிய திரையே இங்கும் இருந்ததால், முதல் நாள் மதியமே பணப்பட்டுவாடா வேலையைத் தனியாகச் செய்யத் தொடங்கினார்.

இவ்வளவு நன்மைக்கு நடுவே, 2023 முதல் இன்று வரை என்னை விடாமல் வருத்துவது ஒரே ஒரு வரிக் குறியீடு, அதாவது ஒரு விற்பனைக்கு எந்த விகிதத்தில் வரி போட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் குறியீடு.

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 2023 ஜனவரி 1 அன்று 8 ஆகவும், 2024 ஜனவரி 1 அன்று 9 ஆகவும் உயரும் என்பது 2022 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்திலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. அவகாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புதிய விகிதத்துக்குப் புதிய குறியீடு ஒன்றை உருவாக்கிவிட்டு, பழைய குறியீட்டைப் பழைய விற்பனைகளுக்காக அப்படியே விட்டுவைப்பதுதான் முறை. ஆனால் எங்கள் டெம்ப்ளேட்டில் ‘வழக்கமான விகித விற்பனை’ என்பதற்கு எல்லா நாட்டிலும் ஒரே குறியீடுதான். குழும விற்பனை அறிக்கை அதை நம்பியே ஓடுகிறது. ஆகவே குறியீட்டைத் தொடாமல் அதற்குள் இருக்கும் விகிதத்தை மட்டும் மாற்றும்படி தலைமையகம் முடிவுசெய்தது. ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக டிசம்பர் பத்தாம் தேதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை கணினியில் எந்த மாற்றமும் கூடாது என்ற ஃப்ரீஸ் விதி வேறு இருந்ததால், அந்தச் சிறு மாற்றத்துக்கே மூன்று நிலைகளில் விதிவிலக்கு ஒப்புதல் வாங்கினோம்.

அதன் விளைவு பிப்ரவரியில் தெரிந்தது. 2022 நவம்பரில் 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு விற்ற பொருளை வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார். அன்று நாங்கள் வசூலித்த வரி 140 வெள்ளி. விற்பனை 7 விழுக்காட்டில் நடந்ததால், அந்த விற்பனையைத் திருப்பிக் கழிக்க நாங்கள் தரும் கிரெடிட் நோட்டும் 7 விழுக்காட்டில்தான் இருக்க வேண்டும். கணினியோ பொருள் திரும்பிய நாளின் 8 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு 160 வெள்ளி என்று அச்சடித்தது. தாம் கழித்துக்கொண்ட வரியை அதற்கேற்பக் குறைத்துக்காட்ட வேண்டிய அந்த வாடிக்கையாளரின் கணக்காளர், தாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். அந்தத் தாளை இன்றும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அன்று முதல் ஒவ்வொரு கிரெடிட் நோட்டுக்கும் மூல இன்வாய்ஸின் தேதியைத் தேடி, வித்தியாசத்தைக் கையால் கணக்கிட்டு, தனி ஜர்னலாக (திருத்தக் கணக்குப் பதிவாக)ப் பதிந்து, காலாண்டுதோறும் பொருள் சேவை வரிக் கணக்கான எஃப்5 படிவத்தில், விற்பனைமீது செலுத்த வேண்டிய வரியைக் காட்டும் ஆறாம் கட்டத்துடன் ஒத்துப்பார்க்கிறோம். எக்செலிலிருந்து விடுபடவே வாங்கிய மென்பொருளுக்குப் பக்கத்தில் இன்று ஓர் எக்செல் கோப்பு நிரந்தரமாகத் திறந்திருக்கிறது. 2024இல் 9 விழுக்காடு வந்தபோது புதிய குறியீடு கேட்டு மீண்டும் விண்ணப்பித்தோம். குழும அறிக்கை கெட்டுவிடும் என்ற அதே பதில்தான் கிடைத்தது.

தலைமையகத்தின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. 2018க்கு முன்பு ஒரே வாடிக்கையாளர் எங்கள் பட்டியல்களில் மூன்று பெயர்களில் இருந்தார். அவரவர் விருப்பப்படி குறியீடு உருவாக்க விட்டால் அந்தக் குழப்பம் இரண்டே ஆண்டில் திரும்பிவிடும். ஆனால் பொருள் எண், விற்பனையாளர் பதிவு, ஒப்புதல் வரம்பு ஆகியவை நிறுவனம் தானே முடிவுசெய்பவை. வரி விகிதத்தை முடிவுசெய்வது அந்தந்த நாட்டு அரசு. இந்தியாவில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்பது மாநிலத்துக்குள் விற்றால் மத்திய அரசுக்கு ஒன்பதும் மாநிலத்துக்கு ஒன்பதுமாகப் பிரியும், மாநிலம் தாண்டினால் ஒன்றாக நிற்கும். அங்கே ‘வழக்கமான விகிதம்’ என்ற ஒற்றைக் குறியீட்டுக்கு என்ன பொருள்? மலேசியாவில் 2024 மார்ச் 1 அன்று பெரும்பாலான சேவைகளுக்கான சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. எங்கள் ஜொகூர் நிறுவனம் 2025 ஜனவரி முதல் ஒவ்வோர் இன்வாய்ஸையும் மலேசிய வரித் துறையின் மைஇன்வாய்ஸ் இணையத்தளத்துக்கு அனுப்பி, சரிபார்ப்பு எண் பெற்ற பிறகே வாடிக்கையாளரிடம் தருகிறது. அந்த எண்ணை வைக்க டெம்ப்ளேட்டில் இடமில்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒட்டிவைக்கிறார்கள்.

இத்தனைக்கும், நாங்கள் வியட்நாமில் தொடங்கியபோது இதே தலைமையகம் இறங்கிவந்தது. அங்கே 2014ஆம் ஆண்டின் 200ஆம் எண் சுற்றறிக்கை கணக்குத் தலைப்புகளின் எண்களையே வகுத்திருந்ததால், குழுமத்தின் கணக்குப் பட்டியலுக்கு இணையாக உள்ளூர்ப் பட்டியல் ஒன்றையும் அமைத்து, இரண்டையும் இணைக்கும் அட்டவணை ஒன்றைச் செய்துகொடுத்தார்கள். இன்றுவரை எந்தப் பிழையும் இல்லாமல் ஓடுகிறது. வரிக் குறியீட்டுக்கும் அதேபோன்ற அட்டவணை போதும். குழும அறிக்கையில் ஓர் எண்கூட மாறாது. இதை விளக்கி நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். அக்கா அழைத்ததற்கு முந்தைய நாள்தான் அந்தக் கோரிக்கை டிக்கெட், ‘டெம்ப்ளேட்டின் வடிவமைப்புப்படி’ என்ற ஒரு வரியுடன் மூடப்பட்டது.

ஆகவே அக்காவிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மேலே எழுதிய நன்மைகள் அனைத்தும் உண்மை. அவற்றை எடைபோட்டால் தட்டு அந்தப் பக்கமே தாழும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் இன்று என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை. அவர்களுடைய நிர்வாகம் எப்படியும் ஏப்ரலில் கையெழுத்திடும் என்று அவர் சொன்னதால், வரிக் குறியீடுகளை உருவாக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டுக் கணக்குப் பிரிவிடமே இருக்கும் என்பதையும், சட்டம் கேட்கும் மாற்றங்களை டிசம்பர் ஃப்ரீஸ் தடுக்காது என்பதையும் திட்ட ஆவணத்தில் இப்போதே எழுதி வாங்கச் சொன்னேன். சிவப்பு வட்டமிட்ட அந்தத் தாளின் நகல் ஒன்றையும் அவருக்கு அனுப்பியிருக்கிறேன், வாடிக்கையாளரின் பெயரை மறைத்துவிட்டு.