டாட்சன் 240இசட்: ராலிக்கு வேண்டிய பலத்தை எங்கிருந்து எடுப்பது?

1971 ஈஸ்ட் ஆப்பிரிக்கன் சஃபாரி ராலியில் எட்கர் ஹெர்மான் ஜெயித்த வண்டி டாட்சன் 240இசட், நிஸான் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டாவதாக வந்த ஷேகர் மேத்தா ஓட்டியதும் அதேதான். 1973-ல் மேத்தாவே கோப்பையைத் தூக்கினார். அந்த வருஷம் இன்னொரு டாட்சனில் வந்த ஹாரி கேல்ஸ்ட்ரோமும் அவரும் பெனால்டி புள்ளிகளில் சமமாக நின்று, டை-பிரேக்கில்தான் முடிவே வந்தது. இடையில் 1972 மான்டி கார்லோவில் ரவுனோ ஆல்டனனுக்கு மூன்றாவது இடம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாதைக் குறிப்பு படித்தவர், பிற்பாடு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் தலைவரான ஷான் டோட்.

இந்தக் கதைகளில் மயங்கி 240இசட் வாங்கியவர்கள், முதல் செம்மண் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்துப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. அமெரிக்க பிரோஷர் சொல்லும் 151 ஹெச்பி, எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி, சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்த பழைய கிராஸ் கணக்கு. சக்கரத்துக்கு வந்து சேர்வது அதைவிட நிறையவே கம்மி. பலத்தைக் கூட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறில்லை. எந்த வழியில் என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை சண்டை.

கையில் இருப்பது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். எல்24 எஞ்சின், 2,393 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஏழு மெயின் பேரிங். வால்வுகளைத் திறக்கும் கேம் மேலே ஒன்றே ஒன்று, செயினில் ஓடுவது. போர் (சிலிண்டரின் விட்டம்) 83 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 73.7 மிமீ. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இருக்கின்றன. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சஃபாரி மாதிரி ராலிகளில் எதிராளி மற்ற கார்கள் மட்டுமில்லை, உயரமும்தான். நைரோபி கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின், ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் பத்து சதவீதம் பலத்தை இழக்கும். 151 என்று பீற்றிக்கொண்ட எஞ்சின், நைரோபியில் ஸ்டார்ட் செய்யும்போதே 125 பக்கம் இறங்கிவிடுகிறது. கீழே மொம்பாசா போனால் இழந்ததெல்லாம் திரும்பி வரும். ஆனால் மேலே காற்று கம்மி என்று கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் ஜெட்டைச் சின்னதாகப் போட்டிருந்தால், கடற்கரையில் பெட்ரோல் போதாமல் எஞ்சின் லீனாக ஓடி பிஸ்டன் வெந்துவிடும். இனி சொல்லப்போகும் ஒவ்வொரு வழியையும் நான் இந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறேன்.

இருக்கிற இரட்டை கார்புரேட்டரை வைத்துக்கொண்டால்

கம்பெனி கொடுத்தது இரண்டு ஹிட்டாச்சி, எஸ்யூ வகை. உள்ளே இருக்கும் பிஸ்டன், எஞ்சின் இழுக்கிற இழுவைக்குத் தக்கபடி தானே ஏறி இறங்கும். மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் பாதையில் இந்த அடக்கம் பெரிய வரம். ட்யூனிங்கும் சுலபம், ரோட்டோரத்திலேயே சரிபண்ணிவிடலாம். நல்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, ஒழுங்குபடுத்தி, வால்வுகளை கிரைண்ட் செய்தால், வண்டி எழுந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் கூடுவது சில ஹெச்பிதான், ஏமாற வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 1973 மாடல் அமெரிக்க வண்டிகளில் வந்த, மேல்பக்கம் தட்டையான கார்புரேட்டர்கள் புகைக் கட்டுப்பாட்டுக்காகச் செய்தவை. அதைச் சீர்படுத்த நேரம் செலவழிக்காமல், பழைய உருண்டை மண்டை ஜோடியைத் தேடிப் போடுங்கள்.

மூன்று வெபரும் ஒரு கேமும்

240இசட் பானெட்டைத் திறந்தால் எல்லோரும் எதிர்பார்க்கும் காட்சி இதுதான். மூன்று இரட்டை பேரல் கார்புரேட்டர், சிலிண்டருக்கு ஒரு தொண்டை. வெபர், மிக்கூனி, சோலெக்ஸ் எதுவானாலும் தத்துவம் ஒன்றே. சத்தம் மட்டும் கேட்டாலே பாதிப் பணம் வசூலாகிவிடும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

"45 போட்டிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்பவரிடம் "உள்ளே சோக் எத்தனை மிமீ?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். காற்றின் வேகத்தை முடிவு செய்வது வெளி அளவு இல்லை, உள்ளே இருக்கும் அந்தக் குறுகல்தான். ராலிக்கு 40 வெபரும் 32 மிமீ பக்கமான சோக்கும் போதும். அகலம் கூடினால் 6,500 சுற்றில் பாடும், 2,500 சுற்றில் இருமும். கொண்டை ஊசியிலிருந்து வெளியே வருவது அந்த 2,500-ல்தான்.

மூன்றையும் சமமாக மூச்சு வாங்க வைப்பது ஒரு கலை. கருவி இல்லாத இடத்தில் ஒரு முழ ரப்பர் ஹோஸ் போதும். ஒரு முனை காதில், மறு முனை ஒவ்வொரு தொண்டையின் வாயிலும். ஆறிலும் 'ஸ்ஸ்ஸ்' ஒரே சுருதியில் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் உரக்க சீறினால் லிங்க்கேஜைத் திருப்ப வேண்டும். பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் மூன்று பிஎஸ்ஐ சுற்றி இருக்கட்டும். அதற்கு மேல் போனால் நீடில் வால்வு தாக்குப்பிடிக்காமல் வழியும், கீழே எரிகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு! ஒரே பக்கம் என்று சொன்னேனே, அதன் முதல் விளைவு இது. ஹீட் ஷீல்டு இல்லாமல் இந்த செட்டப்பை ஓட்டவே ஓட்டாதீர்கள். குரோம் வாய்க்குழல்களைத் திறந்தபடி விடுவது கண்காட்சிக்கு சரி. முன்னே போகிற வண்டியின் புழுதியில் அரை நாள் ஓடினால், ரிங்கும் போரும் உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

கேம் பற்றி. ஸ்டாக் கேம் வால்வைத் திறந்து வைத்திருப்பது சுமார் 248 டிகிரி. ராலிக்கு 270, 280 வரை போகலாம். 300-க்கு மேல் போனவை சர்க்யூட்டுக்குப் பிறந்தவை. அதைவிட முக்கியமாக ஒன்று. கேமை மாற்றும் பல பேர் லேஷ் பேடை மாற்றுவதில்லை. எல் சீரிஸில் கேம் நேராக ராக்கர் மீது உரசும், ராக்கரின் மறு முனை வால்வு மேல் இருக்கும் அந்தச் சின்ன பேடை அழுத்தும். கேமின் அளவு மாறினால், அது ராக்கரில் உரசும் இடமும் நகர்ந்துவிடும். ராக்கரின் முகத்தில் மார்க்கர் மையைப் பூசி, ஸ்பேனரால் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, ராக்கரைக் கழற்றிப் பாருங்கள். மை அழிந்த பட்டை முகத்தின் நடுவில் இருந்தால் சரி. ஓரத்தைத் தொட்டிருந்தால் வேறு தடிமன் பேட் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். பன்னிரண்டு வால்வுக்கும் இதே பாடு. முழு நாள் போகும். இதைச் செய்யாத எஞ்சினில், காசு போட்டு வாங்கின கேமின் மூக்கு சில நூறு கிலோமீட்டரிலேயே மழுங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். டேப்பட் செட்டிங், அதாவது கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி, சூடான எஞ்சினில் இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.30 மிமீ என்பது ஸ்டாக் கேமுக்கு. புதுக் கேமுக்கு அதைச் செய்தவர் கொடுத்த அளவுதான் வேதம்.

எல்28: அலட்டிக்கொள்ளாத வழி

பின்னால் வந்த 280இசட்டின் எஞ்சின் எல்28. போர் 86, ஸ்ட்ரோக் 79, மொத்தம் 2,753 சிசி. வெளியிலிருந்து பார்த்தால் எல்24-க்கு அண்ணன் தம்பி மாதிரிதான். அதே மவுண்டில் உட்காரும், அதே கியர்பாக்ஸை ஏற்கும். கொள்ளளவு சரியாக 15 சதவீதம் கூடுகிறது. மேலே சொன்ன நைரோபி கணக்கை நினைத்துப் பாருங்கள்: மலை பிடுங்கிக்கொண்டதில் பெரும்பகுதியை இந்த ஒரு மாற்றமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதுவும் எந்தச் சுற்றிலும். மிரட்டும் கேம் வேண்டாம், 7,000 வரை விரட்டவும் வேண்டாம். 3,000 சுற்றிலேயே பின்பக்கம் கையால் தள்ளுகிற மாதிரி ஓர் இழுவை வரும். மண்ணில் வண்டியைத் திருப்புவதே ஆக்ஸிலரேட்டரால்தான் என்னும்போது, இதுதான் ஓட்டுநர் கேட்கும் பலம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. 240-இன் பழைய ஈ31 ஹெட்டை எடுத்து, தட்டை பிஸ்டன் உள்ள எல்28 மேல் வைத்தால் கம்ப்ரஷன் விகிதம் 11-ஐ நெருங்கும். ஊருக்கு ஊர் தரம் மாறும் பெட்ரோலில் அது 'டிங் டிங்' என்று தட்ட ஆரம்பிக்கும். குழிவான பிஸ்டன் உள்ள பிளாக்கும், 44 மிமீ இன்டேக் வால்வு உள்ள என்42 ஹெட்டும் நிம்மதியான ஜோடி.

ஸ்ட்ரோக்கர்

ஸ்ட்ரோக்கை நீட்டிக் கொள்ளளவைக் கூட்டும், இசட் பைத்தியங்களின் பழைய சமையல் குறிப்பு இது: டீசல் எல்டி28-இன் 83 மிமீ கிராங்க், எல்24-இன் 133 மிமீ கனெக்டிங் ராட், 89 மிமீ பிஸ்டன். கூட்டினால் 3,098 சிசி, அதாவது ஸ்டாக்கைவிட 29 சதவீதம் அதிகம். இழுவையைக் கேட்கவே வேண்டாம். எனக்குத் தயக்கம் இரண்டு இடத்தில். 86-லிருந்து 89-க்கு போர் பண்ணும்போது சிலிண்டர் சுவரில் பக்கத்துக்கு ஒன்றரை மிமீ போகிறது. அல்ட்ராசோனிக்கில் தடிமன் பார்க்காமல் லேத் பட்டறைக்கு அனுப்பினால் அது சூதாட்டம். இரண்டாவது, பிஸ்டன் வேகம். 7,000 சுற்றில் எல்24-க்கு சராசரி விநாடிக்கு 17.2 மீட்டர், எல்28-க்கு 18.4, இதற்கு 19.4. ஆறு சிலிண்டர் நீளத்துக்கு முறுக்கிக்கொள்ளும் கிராங்க் வேறு. முன்னால் அந்த அதிர்வை அடக்கும் டாம்பர் பழசாக இருந்தால் முதல் பலி அதுதான். தார் ரோட்டு ஏற்றப் போட்டிக்கு இதைவிட இனிமையான எஞ்சின் கிடையாது. நாள்கணக்கில் ஓடும் ராலிக்கு, எல்28-ஐவிடக் கூடுதலாகக் கிடைக்கும் 12, 13 சதவீதத்துக்காக நான் இவ்வளவு பயத்தை வாங்க மாட்டேன்.

டர்போவும் வேற்று எஞ்சின்களும்

280இசட்எக்ஸ் டர்போவின் எல்28ஈடி, கம்பெனியிலேயே 180 ஹெச்பி, 7.4 கம்ப்ரஷன். நியாயமாகச் சொன்னால் உயரத்தில் இதை அடிக்க ஆளில்லை. காற்று மெலிந்தால் டர்போ கூடுதலாகச் சுற்றி ஈடுகட்டிவிடும். காசுக்குக் கிடைக்கும் ஹெச்பி கணக்கிலும் இதுதான் முதலிடம். ஆனால் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம் இருக்கும் ஹெட்டில், தணலாய்ச் சிவக்கும் டர்போ, இன்டேக் குழல்களுக்கு நேர் கீழே வந்து உட்காருகிறது. அடியில் கல் படாமல் காக்கும் ஸ்கிட் பிளேட் போட்டுக் காற்றை அடைத்துவிட்டு, மெதுவான பாறைப் பாதையில் ஊர்ந்தால் பானெட்டுக்குள் அடுப்புதான். கூடவே எழுபது எண்பதுகளின் ஒயரிங், சென்சார், புழுதி. நடு வளைவில் ஒரு நொடி யோசித்துவிட்டு மொத்தமாக வந்து இறங்கும் அந்த உந்தல், மண்ணில் எனக்குப் பிடிக்காது.

நிஸானின் பிற்கால ஆர்பி எஞ்சினோ அமெரிக்க வி8-ஓ போட்டவர்கள் உண்டு. வேகமான வண்டி கிடைக்கும், 240இசட் கிடைக்காது.

இதெல்லாம் போக, விதி என்று ஒன்று இருக்கிறது. எஃப்ஐஏ வரலாற்று வண்டிப் போட்டிகளுக்கு அப்பென்டிக்ஸ் கே என்ற விதித் தொகுப்பின்படி டெக்னிக்கல் பாஸ்போர்ட் வேண்டும். அந்தக் கால ஹோமோலகேஷன் (போட்டிக்கான அங்கீகார) தாளில் இருந்ததுதான் வண்டியிலும் இருக்கலாம். அப்படியானால் பேச்சே இல்லை: எல்24, தாள் அனுமதிக்கும் கார்புரேட்டர், நல்ல ஹெட் வேலை. விதி தளர்ந்த போட்டி என்றால் என் ஓட்டு எல்28-க்கும், மிதமான கேமுக்கும், 40 வெபருக்கும். பட்ஜெட் இடித்தால் வெபரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள், எல்28-இல் எஸ்யூவும் தாராளமாக ஓடும்.

எந்த எஞ்சின் ஆனாலும், ஒரு ஹெச்பி கூட்டும் முன் ஆயில் வேலையை முடித்துவிடுங்கள். நீள வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சாமல் இருக்க, தடுப்பு வைத்த சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி). ஸ்கிட் பிளேட் காற்றை அடைப்பதற்கு ஈடாக ஆயில் கூலர். 240-இன் ஹெட்டில் கேம் மேல் ஆயில் தெளிக்க ஒரு மெல்லிய குழாய் இருக்கும். அதன் இணைப்பு தளர்ந்தாலோ துளை அடைத்தாலோ புதுக் கேம் கட்டாந்தரையில் ஓடுகிற மாதிரிதான்.

கடைசியாக, எஞ்சினையே தொடாத வழி. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். ஐந்து கியர் வண்டிகளில் வந்த, பின் அச்சில் இருக்கும் கிரவுன் பினியனின் விகிதம் 3.9. அதை எடுத்துவிட்டு 4.44 போட்டால், ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை கிட்டத்தட்ட 14 சதவீதம் கூடுகிறது. எல்28 கொடுப்பதற்கும் இதற்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு, செலவு அதில் ஒரு சிறு பங்குதான். உச்ச வேகம் குறையும்தான். ஐந்தாவது கியரில் 7,000 சுற்றுக்கு அப்போதும் கணக்குப்படி 200-க்கு மேல் வரும். மண் பாதையில் அதைத் தாண்டுகிறவர் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார். மாற்றிய கையோடு ஸ்பீடோமீட்டர் பினியனையும் மாற்றுங்கள். கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால், 100 கிலோமீட்டர் ஓடினால் 114 காட்டும். ட்ரிப் மீட்டரும் அதே கேபிளில் ஓடினால், நேவிகேட்டர் ரோடு புக்கைப் பார்த்து "இங்கே இடது" என்று கத்தும் இடத்தில் முள்புதர்தான் நிற்கும்.