காகத்தை எண்ணக் கற்றுக்கொண்ட ஆறு ஆண்டுகள்

பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடக்கும் கிரேட் பேக்யார்டு பேர்டு கவுண்ட் என்ற பறவைக் கணக்கெடுப்பில் முதன்முதலாகக் கலந்துகொண்டபோது என் பட்டியலில் நான்கு பறவைகள் இருந்தன. காகம் இல்லை. தலைக்கு மேலேயே கத்திக்கொண்டுதான் இருந்தது. அதைப் போய் யாராவது எழுதுவார்களா என்று விட்டுவிட்டேன்.

ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு பிப்ரவரியிலும் அந்த நான்கு நாட்கள், மற்ற மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று பட்டியல்கள் என்று பழக்கமாகிவிட்டது.

செய்முறை எளிதுதான். குறைந்தது 15 நிமிடம் பார்த்து, எந்தப் பறவை, எத்தனை என்று குறித்து இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும். வட அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பு, 2013 முதல் உலகம் முழுக்க நடக்கிறது. பைனாகுலர் கட்டாயமில்லை, நான் முதல் ஆண்டை வெறுங்கண்ணாலேயே ஓட்டினேன்.

பட்டியலை அனுப்பும் முன் ஒரு கேள்வி வரும்: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா? நான் யோசிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்தியிருந்தேன். அந்தப் பதிலின் எடை பிறகுதான் புரிந்தது. முழுப் பட்டியல் என்று சொல்லிவிட்டால், அதில் இல்லாத பறவை அந்த நேரத்தில் அங்கே தென்படவில்லை என்றே ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதாவது, காகமே இல்லை என்று நான் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறேன்! நல்லவேளை, பழைய பட்டியலைத் திருத்த முடிகிறது. எத்தனை காகங்கள் என்று நினைவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எண்ணுக்குப் பதிலாக ‘எக்ஸ்’ போடலாம், போட்டேன்.

எண்ணுவது தனிக் கலை. மாலையில் கூடு திரும்பும் கொக்குக் கூட்டத்தைப் பார்த்து 300 என்று எழுதினேன். கைப்பேசியில் எடுத்த படத்தை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினால் 170தான் தேறியது. இப்போது முதல் பத்துப் பறவைகளை எண்ணி, அவை வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று மனதில் வைத்துக்கொண்டு, மொத்தக் கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து இருக்கிறது என்று பார்க்கிறேன். இன்னமும் தப்பு வருகிறது, அவ்வளவு மோசமாக இல்லை.

மூன்றாம் ஆண்டில் ஒரு சங்கடம். ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி ஒன்றை நம்பி, பார்க்காமலேயே ஓர் அரிய கதிர்க்குருவியைச் சேர்த்துவிட்டேன். தரவைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர், எதை வைத்து அடையாளம் கண்டீர்கள் என்று பணிவாகக் கேட்டு எழுதினார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து, சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை என்பது உறைத்தது. பதிவை ‘ஏதோ ஒரு கதிர்க்குருவி’ என்று மாற்றினேன். அப்படிப் பதியவும் இடமிருக்கிறது. தெரியவில்லை என்று எழுதுவதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அன்றுவரை நினைத்ததில்லை.

குறை என்று சொன்னால், இனங்களின் எண்ணிக்கையை ஏற்றும் ஆசை. அந்த நான்கு நாளும் புதிதாக ஒன்றைத் தேடி ஓடுவதில், எதிரில் உட்கார்ந்திருக்கும் பறவையைச் சரியாகப் பார்ப்பதில்லை. எனக்கு அந்த நோய் தீர இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

தீர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970க்குப் பிறகு சுமார் 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. 1900இல் வெறும் 27 பேருடன் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு உட்பட, ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பதிவுகள் அதற்குக் கைகொடுத்தன. குறைந்தவற்றில் பெரும்பங்கு சாதாரணப் பறவைகள். யாராவது மெனக்கெட்டு அவற்றை எண்ணி வைத்ததால்தான் குறைந்தது தெரிந்தது.

அப்புறம், சொந்த லாபமும் உண்டு. வலசை வரும் தகைவிலான் குருவி எந்த வாரம் வரும், எந்த வாரம் கிளம்பும் என்று என் பட்டியல்களைப் புரட்டினாலே தெரிகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் தினமும் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். ஊர் சுற்ற வேண்டியதில்லை.

கடந்த பிப்ரவரியில் கடைசி நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. 15 நிமிடத்தில் காகம் ஆறு, புறா பதினொன்று, வேறெதுவும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துவிட்டீர்களா என்று கேட்டது. ‘ஆம்’ என்று அழுத்தினேன்.