போன் யாருக்கு: விசயம் தெரிந்தவனுக்கா, ஊர்ச் சனத்துக்கா?

2016 செப்டெம்பரில் இரண்டு போன்கள் அறிமுகமாகின. ஒன்று எல்ஜி வி20. பின்மூடியைக் கழற்றிப் பற்றரியை மாற்றலாம், மெமரி காட் போடலாம், ஹெட்போன் துளை உண்டு, நல்ல சத்தத்துக்கென்று தனிச் சிப் வேறு. மற்றது ஐபோன் 7. இருந்த ஹெட்போன் துளையையும் எடுத்துவிட்டு வந்தது. போனைக் கரைத்துக் குடித்தவர்கள் முதலாவதைப் புகழ்ந்தார்கள், இரண்டாவதைத் திட்டித் தீர்த்தார்கள். சனம் வாங்கிக் குவித்தது இரண்டாவதைத்தான். ஆறு வருடத்துக்குக் கிட்ட நட்டத்தில் ஓடி, சுமார் 450 கோடி டொலரைத் தொலைத்த பிறகு, 2021 இல் எல்ஜி போன் தொழிலையே மூடியது.

இதை வைத்து, விசயம் தெரிந்தவனுக்குப் போன் செய்தால் கம்பனி மூழ்கும் என்று தீர்ப்பெழுதுவது லேசு. ஆனால் எல்ஜி சறுக்கியதற்கு வேறு காரணங்களும் இருந்தன. வி20 வருவதற்கு முதலே எல்ஜியின் ஜி4 போன்கள் பல தானாக அணைந்து அணைந்து எழும்பி, பெயரைக் கெடுத்திருந்தன. பற்றரியைக் கழற்ற முடிந்ததல்ல சறுக்கலுக்குக் காரணம்.

வன்பிளஸ் கம்பனி அதே விசயம் தெரிந்த ஆட்களை வேறு விதமாகப் பாவித்தது. 2014 இல் முதல் போன் 299 டொலர். அழைப்பு கிடைத்தவர்தான் வாங்கலாம். போன் பைத்தியங்கள் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள், செலவில்லாமல் விளம்பரம் நடந்தது. 2018 இல் 6டி வந்தபோது ஹெட்போன் துளை போயிருந்தது. 2020 இல் 8 புரோவின் ஆரம்ப விலை 899 டொலர். ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்தார்கள் என்று திட்டியவர்கள் உண்டு. வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான்.

ஏனென்றால் விசயம் தெரிந்தவன் ஒருவன் வாங்குவது ஒரு போன் என்றாலும், வாங்க வைப்பது பத்து. நம்முடைய பக்கத்தில் இது இன்னும் அதிகம். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ விமர்சனம் வாசித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் எத்தனை பேர்? "மச்சான், அம்பதுக்குள்ள நல்ல போன் ஒண்டு சொல்லு" என்று ஒருவனைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். குடும்பத்துக்கு ஒருவன் அப்படி இருக்கிறான். அவன் வாயில் விழுந்த கம்பனிக்கு அந்தத் தெருவில் விற்பனை இல்லை.

அதற்காக அவன் கேட்பதையெல்லாம் செய்யவும் முடியாது. சின்னப் போன் வேண்டும் என்று எவ்வளவு சத்தம்! அப்பிள் 2020 இல் 12 மினி விட்டது, 2021 இல் 13 மினி விட்டது. கேட்டவர்களில் காசு கட்டியவர்கள் குறைவு. 2022 இல் மினி இல்லை, அதன் இடத்தில் பெரிய பிளஸ்.

சரி, மறுபக்கத்தில் நிற்கும் சாதாரண வாடிக்கையாளர் யார்? கம்பனிகள் தமக்குள் வரைந்து வைத்திருக்கும் ஆள் கையடக்கமாக, அழகாக, குழப்பமில்லாமல் ஒன்று கிடைத்தால் போதும் என்பவர். மட்டக்களப்பு டவுனில் ஒரு போன் கடையில் நான் பார்த்த ஆள் வேறு. வாவிக்கு அக்கரைப் படுவான்கரையிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா. கடைப் பொடியன் ஊசியால் குத்திச் சிம் தட்டை வெளியே இழுத்தான். இரண்டு குழி. ஒன்றில் சிம், மற்றதில் சிம் அல்லது மெமரி காட்.

"ரெண்டு சிம்மும் வேணும் மகன். வீட்ட ஒண்டுதான் எடுக்கும், இஞ்ச வந்தா மத்தது. காட்டும் வேணும், பேரப்புள்ளட படமெல்லாம் அதிலதான் கிடக்கு."

"ரெண்டுல ஒண்டத்தான் போடலாம் அம்மா."

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு காட்டச் சொன்னார். மூன்று குழியுள்ள ஒன்று கிடைத்தது, விலையும் குறைவு. எந்தக் கம்பனியின் கணக்கிலும் அவர் 'பவர் யூசர்', அதாவது விசயம் தெரிந்த ஆள், ஆக மாட்டார். ஆனால் கேட்டது அப்படிப்பட்டவர்கள் கேட்கும் அதே சாமான்.

விசயம் தெரிந்தவன், சாதாரண ஆள் என்று பிரிக்கும் கோடு இங்கேதான் பிழையாகிறது என்பது என் எண்ணம். காட், இரண்டு சிம், பெரிய பற்றரி எல்லாம் பணக்கார நாட்டில் பைத்தியக்காரர் விருப்பமாக இருக்கலாம், நமக்கு அன்றாடத் தேவை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அந்த நாட்களில் 5000 எம்ஏஎச் பற்றரி யாருக்கும் ஆடம்பரமாகத் தெரியவில்லை. முதல் வன்பிளஸின் பற்றரி 3100 தான், இன்று மலிவுப் போனிலேயே 5000 சாதாரணம். சாம்சுங் 2021 இல் எஸ்21 இலிருந்து காட் குழியை எடுத்தது, ஆனால் ஏ வரிசையின் விலை குறைந்த போன்களில் விட்டு வைத்தது. எங்கே அது விலைபோகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உண்மையில் விசயம் தெரிந்தவனுக்கு மட்டுமேயானது பூட்லோடரைத் திறந்து போனின் மென்பொருளையே மாற்றுவதும் 16 ஜிபி ரம் நினைவகமும்தான். அதற்குத் தனிப் போன் செய்யட்டும், விலையும் வைக்கட்டும்.

சனத்துக்கென்று செய்யும் போனிலும் ஒரு கள்ளத்தனம் உண்டு. சில மலிவுப் போன்களில் செட்டிங்குக்குள்ளேயே விளம்பரம் வரும். தெரிந்தவன் பத்து நிமிடத்தில் அதை நிறுத்திவிடுவான். அவனுடைய அம்மா வருடக்கணக்காக அதைத் தட்டித் தட்டி மூடிக்கொண்டிருப்பார். அப்டேட்டும் அப்படித்தான். பைத்தியங்களின் புலம்பல் என்று நெடுநாள் ஒதுக்கப்பட்டது. மூத்தவன் பாவித்த போன் அம்மாவுக்கு, அம்மா பாவித்தது கடைக்குட்டிக்கு என்று கைமாறும் வீடுகளுக்கு அதைவிடப் பெரிய விசயம் எது? சாம்சுங் 2024 இல் ஏ16 க்கு ஆறு வருட அப்டேட் அறிவித்தது, எனக்கு அந்த வருடத்து மடிக்கும் போன்களைவிடப் பெரிய செய்தி.

ஆக, நான் சனத்தின் பக்கம். கம்பனி கற்பனை செய்த சனமல்ல, காட்டையும் சிம்மையும் ஒன்றாகக் கேட்கிற சனம். பற்றரி ஒன்றுதான் பாக்கி. இப்போது ஊதிய பற்றரியை மாற்றக் கடையில் பின்கண்ணாடியைச் சூடாக்கி, பசையை இளக்கி, மெல்லிய தகட்டால் நெம்ப வேண்டும். கண்ணாடி வெடித்தால் அதற்கும் காசு. பாவிப்பவரே கழற்றும்படி பற்றரி இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி, சில விலக்குகளோடு, 2027 பெப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. ஐபோனுக்கு டைப்-சி துளை வந்ததும் அவர்களின் சட்டத்தால்தான், 2023 இல் ஐபோன் 15 இல் அது உலகம் முழுக்க வந்தது. பற்றரியும் அப்படி நம் கடைகள் வரை வந்தால், சூடாக்கும் தட்டுக்கு வேலை குறையும்.