தற்காலிக ரிப்போர்ட் கோப்புகள்: ஸ்ட்ரீமா, சர்வர் டிஸ்க்கா, எஸ்3-யா?

நாங்கள் பார்த்துக்கொள்ளும் கணக்கு மென்பொருளில் மாதக் கடைசி வந்தால் ஆளாளுக்கு ரிப்போர்ட் இறக்குவார்கள். ஒருமுறை இறங்கிவிட்டால் அந்தக் கோப்பு சர்வரில் யாருக்கும் வேண்டாம். அதை எங்கே உருவாக்கி எப்படிக் கொடுப்பது என்பதில் மூன்று வழிகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டு இப்போது அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3-க்கு வந்திருக்கிறோம்.

சிறிய சிஎஸ்விக்கு ஸ்ட்ரீம் போதும். டேட்டாபேஸிலிருந்து வரவர வரிகள் பிரவுசருக்கே போய்விடும், அழிக்க எதுவும் மிஞ்சாது. ஆனால் பாதியில் கோளாறு வந்தால் சிக்கல். 'சரி' என்று பொருள்படும் 200 என்ற பதில் முன்பே போயிருக்கும், இனி 'கோளாறு' என்று பொருள்படும் 500 என்று மாற்ற முடியாது. எங்கள் கோடு பிழையைப் பிடித்து ஸ்ட்ரீமை ஒழுங்காக மூடிவிட்டதால், அரைகுறைப் பட்டியலை முழுக் கோப்பு என்றே பிரவுசர் காட்டியது. அதை வைத்து ஒருவர் மாதக் கணக்கையே முடித்துவிட்டார்.

அப்புறம் டிஸ்க். கோப்பை எழுதிவைத்து, அனுமதியை மட்டும் ஆப் சரிபார்த்து, அனுப்பும் வேலையை எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வரிடம் விட்டோம். வேகம் நன்றாக இருந்தது, அறுந்த டவுன்லோடும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. யாராவது இறக்கிக்கொண்டிருக்கும்போது கோப்பை அழித்தாலும் லினக்ஸில் பாதகமில்லை. திறந்திருக்கும் கோப்பு கடைசிவரை வந்துவிடும்.

யார் அழிப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டோம். இரவு 2 மணிக்கு ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) பழைய கோப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தது. புது சர்வருக்கு மாறியபோது கோடு வந்தது, டேட்டாபேஸ் வந்தது, கிரான் வேலைகளின் பட்டியலான கிரான்டேப் வரவில்லை. அது எங்கள் கோடு இருக்கும் கிட்டில் (Git) இல்லையே! மார்ச் கடைசியில் ஒரு காலை யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. டிஸ்க்கில் இடமில்லை என்று லாகில் எழுதியிருக்கிறது, பார்த்தால் பாதி டிஸ்க் காலி. தீர்ந்துபோனது இடமல்ல, கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டிய ஐநோடு என்ற பதிவு. லினக்ஸின் கோப்பு அமைப்பான எக்ஸ்ட்4 வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு என்று ஒதுக்கும். எங்கள் ரசீது பிடிஎஃப் ஒவ்வொன்றும் 6 கேபிதான். அதனால் டிஸ்க் நிரம்பும் முன்பே ஐநோடுகள் காலியாகி, லாகினுக்கு வேண்டிய செஷன் கோப்புகூட எழுத முடியாமல் எல்லாம் நின்றுவிட்டது.

எஸ்3 எனக்குப் பிடித்ததற்கு இந்த ஒரு காரணமே போதும். 'ஒரு நாளில் அழி' என்ற விதி, எஸ்3-இல் கோப்புகளை வைக்கும் பக்கெட்டிலேயே இருக்கிறது. சர்வர் மாறினாலும், ஆள் மாறினாலும் அது மாறாது. பின்னணி வேலை ஒன்று கோப்பைத் தயாரித்து முழுதாக ஏற்றிய பிறகுதான் டவுன்லோடு பட்டன் தெரியும், ஆகவே அரைகுறைக் கோப்பு என்ற பேச்சே இல்லை.

ஆனால் அந்த 'ஒரு நாளை' அப்படியே நம்பவேண்டாம். ஒரு நாளைக் கூட்டிய பிறகு கணக்கு அடுத்த யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவுக்குத் தள்ளப்படும். அதாவது நம் நேரம் காலை 5:30. திங்கள் காலை 10 மணிக்கு உருவான கோப்புக்குப் புதன் காலை 5:30-க்குத்தான் கெடு முடியும், அழிவது அதற்குப் பிறகும் தாமதமாகலாம். ஆகவே ரகசியத்தைக் காப்பது இந்த விதியல்ல, கோப்பை இறக்க நாங்கள் கொடுக்கும், கெடு வைத்துக் கையெழுத்திட்ட இணைப்பின் ஆயுள். அதிகபட்சம் 7 நாள் வைக்கலாம், நாங்கள் 5 நிமிடம் வைத்திருக்கிறோம். இணைப்பின் கெடுவுக்குள் தொடங்கிய டவுன்லோடு கெடு தாண்டியும் முடியும். நடுவில் அறுந்தால் மட்டும் புது இணைப்பு வேண்டும்.

எங்கள் கோப்புகள் 50 எம்பியைத் தாண்டுவதில்லை. பல ஜிபி வீடியோவை இப்படிக் கொடுத்த அனுபவம் எனக்கில்லை, அங்கே கிளவுடிலிருந்து டேட்டா வெளியேறும் செலவைத் தனியாகப் போட்டுப் பார்க்கவேண்டும். ஒரே சர்வர், கிளவுட் கணக்கும் கிடையாது என்றால் டிஸ்க்கே சரி. கிரான்டேப்பை மட்டும் கிட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

ஆரம்பத்தில் அந்தக் கையெழுத்திட்ட இணைப்பையே மின்னஞ்சலில் அனுப்பினோம். மறுநாள் திறந்தவர்களுக்கு வெள்ளைத் திரையில் எக்ஸ்எம்எல் பிழை வந்தது. இப்போது மின்னஞ்சலில் போவது எங்கள் பக்கத்தின் முகவரி. அங்கே லாகின் செய்து பட்டனை அழுத்தும் நேரத்தில்தான் இணைப்பு உருவாகும். கோப்பு அழிந்திருந்தால் அதே இடத்தில் 'மீண்டும் தயாரி' என்ற பட்டன் இருக்கும்.