பவானி கூடுதுறையா, கொடுமுடியா?

ஈரோட்டைச் சுற்றிக் காவிரிக்கரையில் தர்ப்பணம், பரிகாரம் என்றால் இந்த இரண்டு ஊர்களைத்தான் சொல்வார்கள். இரண்டுமே பாடல் பெற்ற தலங்கள். இரண்டிலும் சிவனும் பெருமாளும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் போகிற காரியம் எது என்பதைப் பொறுத்தே ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தர்ப்பணம், அஸ்தி கரைப்பது என்றால் பவானிதான். காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கூடும் இடம் என்பதால் அந்தச் சடங்குகளுக்கே ஏற்பட்ட துறை அது. கோடையில் பவானி ஆறு மெலிந்து கிடக்கும். சங்கமத்துக்குச் சற்று மேலேயே காலிங்கராயன் அணைக்கட்டு இருக்கிறது; வாய்க்காலுக்குப் போனது போக மிச்சம்தான் துறைக்கு வரும். மேட்டூரில் உபரி நீர் திறந்துவிட்டால் நிலைமை தலைகீழ். படிகள் மூழ்கும், குளிக்கத் தடை வரும். ஆடி 18, ஆடி அமாவாசை இரண்டும் அந்தப் பருவத்திலேயே வருவதால், எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எள், தர்ப்பை, பச்சரிசிக்கும் சேர்த்துத் தட்சணையை உட்காரும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. நீராடியதும் திரும்பிவிடாமல் சங்கமேசுவரரையும் வேதநாயகியையும் தரிசியுங்கள். கலெக்டர் வில்லியம் காரோ 1804-இல் அம்மனுக்குக் காணிக்கையாகத் தந்த தந்தக் கட்டில் இங்கேதான் இருக்கிறது.

கோயிலுக்காகவே போகிறீர்கள் என்றால் கொடுமுடி. தேவார மூவரும் பாடிய ஊர். சுந்தரரின் நமச்சிவாயப் பதிகம் பிறந்தது இங்கே. கிழக்குப் பார்த்து மூன்று வாயில்கள் இருப்பதால், மகுடேசுவரரைப் பார்த்ததோடு கோயில் முடிந்தது என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். நடு வாயில் வழியாகப் போனால்தான் பெருமாள் சன்னதியும் வன்னி மரமும். மரத்தடியில் இருக்கும் பிரம்மாவுக்கு மூன்று முகங்கள்தான். நான்காவது முகம் அந்த மரமே என்பது ஐதீகம். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுப்பவர்கள், தண்ணீர் கெடாமல் இருக்க இந்த வன்னி இலையைக் குடத்தில் போட்டுக்கொள்வது கொங்கு வழக்கம்.

நாக தோஷப் பரிகாரத்துக்கும் கொடுமுடிதான். ஆனால் பரிகாரம் முடிந்ததும் கட்டிய துணியை ஆற்றில் விடாதீர்கள். மணலில் பாதி புதைந்து கிடக்கும் புடவையில் கால் சிக்கினால், இடுப்பளவுத் தண்ணீரிலேயே ஆள் நிலை தடுமாறிவிடுவார்.

பவானிக்கு ரயில் இல்லை, ஈரோட்டிலிருந்து பேருந்துதான். கொடுமுடி ஈரோடு-திருச்சி ரயில் பாதையிலேயே இருக்கிறது. ஒரே நாளில் இரண்டும் என்றால் விடிகாலையில் கூடுதுறை, மாலையில் கொடுமுடி. நடுப்பகலில் போனால் நடை சாத்தியிருக்கும்.