கல்லடியில் ஆண்களும் பெண்களும் கூடியிருந்த வளைகாப்பு: ஓர் ஒழுங்கமைப்புச் சேவை பற்றிய மதிப்பீடு

கடந்த ஆனி மாதத்தில் என் தங்கையின் ஏழாம் மாத வளைகாப்பை நடத்தித் தருவதற்கு இலங்கையின் மட்டக்களப்பிலுள்ள கல்லடியில் இயங்கும் ஒரு விழா ஒழுங்கமைப்புச் சேவையை அமர்த்தினோம். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. 60 பேருக்கான சிறிய மண்டபம், அலங்காரம், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு 65,000 ரூபாயும், உணவுக்கு ஆளுக்கு 1,400 ரூபாயும் பேசி முடித்தோம். நாங்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: வரும் ஆண்கள் சாப்பிட்டுவிட்டுப் போகும் விருந்தினர்களாக இருக்கக்கூடாது, சடங்கிலும் அவர்களுக்குப் பங்கு இருக்க வேண்டும்.

அதற்குக் காரணம் உண்டு. பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து குடியிருப்பது மட்டக்களப்பின் நெடுநாள் வழக்கம். குடி எனப்படும் குலப்பிரிவும் தாய்வழியாகவே வருகிறது. பிள்ளை பிறந்ததும் தாயும் சகோதரிகளும் பெரியம்மாமாரும் சூழ்ந்துகொள்ள, தகப்பன் என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் நிற்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். தங்கையின் கணவரான என் மச்சான் அரச பாடசாலை ஆசிரியர். தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள் விடுமுறை கொடுக்கும் அரசு தகப்பனுக்குக் கொடுப்பது 3 நாட்கள். அந்த 3 நாட்களுக்குள் அவர் எதைக் கற்றுக்கொள்ள முடியும்? கற்க வேண்டியதை முன்கூட்டியே, தகப்பனான மற்ற ஆண்களிடமிருந்து கற்கட்டும் என்றுதான் நினைத்தோம்.

முதற் சந்திப்பில் ஒழுங்கமைப்பாளரான இளம்பெண், "ஆம்பிளையளுக்கு வெளியில கதிரை போடட்டா அக்கா?" என்றுதான் கேட்டார். எங்கள் எண்ணத்தை விளக்கியதும் மறுபேச்சில்லாமல் குறித்துக்கொண்டு, மூன்றாம் நாள் முழுத் திட்டத்தோடு வந்தார். கதிரைகளை வரிசையாக அடுக்காமல் அரைவட்டமாக வைத்து, தங்கைக்கு அருகிலேயே மச்சானை அமர்த்தியிருந்தார். பெண்கள் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கண்ணாடி வளையல் அணிவிக்க, அப்பாவும் மச்சானின் தகப்பனாரும் மாமாமாரும் அட்சதை தூவி வாழ்த்தினர். சுமங்கலிகள் மட்டும் வாருங்கள் என்று தனியே அழைக்காமல் உறவுமுறையும் வயதும் பார்த்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்ததால், கணவரை இழந்த எங்கள் பெரியம்மாவும் தயக்கமின்றி எழுந்து வந்து வளையல் இட்டார். குரவை எழுந்தபோது அவர் கண் கலங்கியது. இதை நாங்கள் கேட்டிருக்கவில்லை. அந்தப் பெண் தாமாகவே யோசித்துச் செய்திருந்தார், அதற்காக அவருக்கு என்றென்றும் நன்றி சொல்வேன்.

விளையாட்டுகளைப் பொறுத்தவரை, பிள்ளை ஆணா பெண்ணா என்று பலூன் உடைத்து அறிவிக்கும் ஒன்றை முதலில் முன்வைத்தார்கள். வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக நாங்கள் சேர்க்கச் சொன்னது ஏணை, அதாவது சேலைத் தொட்டில், கட்டுதல். மண்டபத்தின் பின்புறத்தில் உறுதியான குறுக்குமரம் ஒன்றைப் பொருத்தி, நான்கு பருத்திச் சேலைகளும் கயிறும் வைத்திருந்தார்கள். நான்கு பிள்ளைகளின் தகப்பனான எங்கள் மாமா முடிச்சிடும் முறையைக் காட்டி, பிள்ளையைக் கிடத்துவதற்கு முன் ஏணையில் 5 கிலோ அரிசிப் பையை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க, இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கட்டிப் பார்த்தார்கள். மச்சானின் முதல் முடிச்சு நழுவியது, மூன்றாவது நின்றது. வந்திருந்த ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர், கண் முன்னே வைத்து ஆட்டும் நேரத்துக்கு மட்டுமே ஏணை என்றும், தூங்கவைக்கும்போது தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு என்றும் எடுத்துச் சொன்னதை ஆண்கள் கவனமாகக் கேட்டதுதான் அன்றைய நாளின் பெரும் பயன் என்பேன்.

உணவு மரக்கறிச் சாப்பாடு. முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து வந்த தங்கையின் தோழி குடும்பத்தினரும் மற்றவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண அது வசதியாக இருந்தது. காய்ச்சாத பாலில் லிஸ்டீரியாக் கிருமி இருக்கக்கூடும் என்பதாலும் கருவுற்றவர்களுக்கு அது கேடு என்பதாலும், சட்டித் தயிர் கொதிக்கவைத்த பாலில் உறையவைத்ததா என்று கேட்டோம். சமையற்காரர் பொறுமையாக விளக்கம் தந்தார். வட்டிலப்பத்தில் மட்டும் இனிப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

குறைகள் எல்லாம் தங்கையின் உடல்நிலையை நினைக்காமல் செய்தவை, ஆகவே அவற்றைச் சிறியவை என்று தள்ளிவிட முடியாது. படத்துக்கு அழகாக இருக்கும் என்று தாழ்வான மெத்தைச் சோபாவில் அவளை அமர்த்தினார்கள். ஒவ்வொரு முறை எழும்பவும் இருவர் கைகொடுக்க வேண்டியிருந்ததால், பாதியில் கைப்பிடியுள்ள மரக்கதிரையைக் கொண்டுவரச் செய்தோம். ஒலிபெருக்கிப் பெட்டி அவளுக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் இருந்தது. அதன் அதிர்வைத் தாங்க முடியாமல் அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டதைக் கண்டதும் நிறுத்தச் சொன்னேன். செயற்கைப் புகையையும் அப்போதே தடுத்தோம். மலசலகூடத்துக்கு மூன்று படிகள் இறங்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கியதும் தவறே. கச்சான் எனும் வறண்ட மேல்காற்று வீசும் மாதத்தில் மேற்குப் பக்க யன்னல்கள் வழியே அனல் வந்தது, ஐந்து மணிக்குப் பிறகே வாவிப் பக்கத்துக் காற்று சற்று ஆறுதல் தந்தது.

மறுநாள் கணக்குத் தீர்க்கப் போனபோது இவற்றையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன். அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. கதிரை, ஒலி, படிக்கட்டு என்று வரிசையாக எழுதிக்கொண்டு, ஒலிபெருக்கிக்குரிய 8,000 ரூபாயைக் கழித்துப் பற்றுச்சீட்டை நீட்டினார்.