இங்க்ஸ்கேப் பழக எந்தப் புத்தகத்தை வாங்குவது?

இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருள் இலவசம். காசு போவது புத்தகத்துக்குத்தான். வெளிநாட்டில் அச்சான கணினி நூல் ஒன்று கொழும்புக்கு வந்து சேரும்போது டொலர் விலையோடு அனுப்பும் செலவும் ஏறிவிடும். இரண்டு நூல்களை வாங்கிப் பார்த்து ஒன்றை ஒதுக்கி வைப்பது எல்லோராலும் முடியாது. வாங்கும் ஒன்று நாலைந்து வருடம் மேசையில் கிடந்து உழைக்க வேண்டும். இந்த ஒப்பீடு அந்தக் கணக்கில்தான்.

போட்டி இரண்டு நூல்களுக்கு இடையில். ஒன்று டிமிட்ரி கிர்சானோவ் எழுதிய 'த புக் ஒஃப் இங்க்ஸ்கேப்'. நோ ஸ்டார்ச் பிரஸ் வெளியீடு. முதற்பதிப்பு 2009, இரண்டாம் பதிப்பு 2021. மற்றது டாவ்மியோங் பா எழுதிய 'இங்க்ஸ்கேப்: கைட் டு அ வெக்டர் ட்ரோயிங் புரோகிராம்'. இதன் நான்காம் பதிப்பு 2011இல் பிரென்டிஸ் ஹோல் வெளியீடாக வந்தது. இருவரும் இங்க்ஸ்கேப்பின் உருவாக்கத்திலேயே கைவைத்தவர்கள், ஆகவே விஷயம் தெரிந்தவர் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. என் தெரிவு கிர்சானோவின் இரண்டாம் பதிப்பு. பாவின் நூலை விலை கொடுத்து வாங்க வேண்டாம். வாசிக்காமல் விடவும் வேண்டாம்.

அடோபியின் கட்டண வரைதல் மென்பொருளான இலஸ்ட்ரேட்டருக்குரிய நூல்களைப் பற்றி ஓரிரு வார்த்தை. 'கிளாஸ்ரூம் இன் எ புக்' வரிசை பாடம் பாடமாகக் கைபிடித்துக் கூட்டிச் செல்லும். இலஸ்ட்ரேட்டருக்குச் சந்தா கட்டுபவருக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் அந்த மென்பொருளே இல்லாதவர் அதை வைத்து இங்க்ஸ்கேப் பழக முடியாது. மெனுப் பெயர்களை மாற்றி மாற்றி மொழிபெயர்ப்பதிலேயே நேரம் போய்விடும். கோரல் ட்ரோ என்ற இன்னொரு வரைதல் மென்பொருளைப் பாவிக்கும் அச்சகத்தில் வேலைக்குச் சேரப் போகிறவர், அங்கே எந்த வேர்ஷன் இருக்கிறது என்று கேட்டு அதற்கான நூலைத் தேடுவதே சரி. புதிய வேர்ஷனில் சேமித்த கோரல் கோப்பு பழையதில் திறக்காது.

இனிப் பாடநூலா, உசாத்துணை நூலா என்ற கேள்வி. பாடநூல் 'இதை அழுத்து, அதை இழு' என்று சொல்லும். முடிவில் படம் வந்துவிடும். அடுத்த படத்தை நீங்களே வரையும்போதுதான் சிக்கல் தொடங்கும். ஓட்டோவின் பின்பக்கத்துக்கு ஸ்டிக்கர் வெட்டும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள கோட்டால் ஒரு பெயரை எழுதியிருக்கிறீர்கள். திரையில் தடித்த எழுத்தாகத் தெரியும். வெட்டும் இயந்திரமோ கோட்டின் நடுவே ஒரே ஒரு கீறல் போட்டுவிட்டு நின்றுவிடும். காரணம், அது பின்தொடர்வது பாத்தை, அதாவது கோட்டின் நடுவே ஓடும் தடிப்பில்லாத பாதையை மட்டும். அந்தப் பாதைமேல் போடும் கோடான ஸ்ட்ரோக்கின் தடிப்பு அதன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. கன்ட்ரோல் + ஆல்ட் + சி அழுத்தி ஸ்ட்ரோக்கைப் பாத்தாக மாற்ற வேண்டும். பிறகு எல்லாவற்றையும் தெரிவு செய்து, கன்ட்ரோலோடு கூட்டல் குறியை அழுத்தி ஒன்றாக்க வேண்டும். இரண்டாவதைச் செய்யாவிட்டால் கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் இடமெல்லாம் ஸ்டிக்கர் துண்டு துண்டாக உரியும். இந்த 'ஏன்' உசாத்துணை நூலில்தான் கிடைக்கும். அகரவரிசைச் சுட்டியில் ஸ்ட்ரோக் என்று பார்த்தால் பக்கம் வந்துவிட வேண்டும். கிர்சானோவ் அப்படித்தான் எழுதியிருக்கிறார்: கருவி ஒவ்வொன்றாக, விளக்கத்தோடு. செய்துபார்க்கும் பாடங்களைக் கடைசி அத்தியாயங்களுக்குத் தள்ளிவிட்டார். விசிட்டிங் காட் வடிவமைப்பு அவற்றில் ஒன்று. பாவின் நூலில் செய்முறை முன்னால் வருகிறது. முதல் வாரத்துக்கு பாவே இலகு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது எழுத்து நடையோ பாடமுறையோ அல்ல. நூல் எந்த வேர்ஷனுக்கு எழுதப்பட்டது என்பதுதான். இங்க்ஸ்கேப்பைப் பொறுத்தவரை இது மெனு இடம் மாறிய சின்ன விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அளவே பிழையாகிவிடும்.

2017 ஜனவரியில் 0.92 வேர்ஷன் வந்தபோது ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்ற கணக்கு 96 ஆக மாறியது. பாவின் 2011 பதிப்பு 0.48 வேர்ஷனுக்கானது, கிர்சானோவின் 2009 பதிப்பும் இந்த மாற்றத்துக்கு முந்தியதுதான். பழைய கணக்கில் 3.5 அங்குல விசிட்டிங் காட்டுக்கு 315 பிக்சல் அகலம். அதே 315ஐ இன்றைய இங்க்ஸ்கேப்பில் கொடுத்தால் காட் 3.28 அங்குலமாகச் சுருங்கிவிடும். கொடுக்க வேண்டியது 336. திரையில் வித்தியாசம் தெரியாது. அச்சகத்தில் வெட்டும்போதுதான் ஓரத்தில் வெள்ளை விழும். பழைய நூலின் பயிற்சிக் கோப்புகளை இறக்கித் திறந்தாலும் இதே கதை: கோப்பு திரைக்கானதா, தாளில் அச்சிடுவதற்கானதா என்று ஒரு பெட்டி கேட்கும். 'நிச்சயமில்லை என்றால் இதைத் தெரியுங்கள்' என்று அது காட்டும் தெரிவு திரைக்கானது. அச்சு வேலைக்கு மற்றதைத் தெரிய வேண்டும்.

2020 மே மாதம் 1.0 வேர்ஷன் வந்தது. அதில் இடத்தை அளக்கத் தொடங்கும் ஆரம்பப் புள்ளி பக்கத்தின் கீழ் இடது மூலையிலிருந்து மேல் இடது மூலைக்குப் போனது. மேல்கீழ் இடத்தைச் சொல்லும் வை (Y) அளவு கீழ்நோக்கி ஏறத் தொடங்கியது. பழைய நூல் 'வை பெட்டியில் 20 என்று கொடு' என்றால் வடிவம் அடியில் இருக்க வேண்டியது, தலையில் போய் உட்காரும். பிரிஃபரன்சஸ் என்ற அமைப்புப் பெட்டியின் இன்டர்ஃபேஸ் பகுதியில் இதைப் பழைய முறைக்குத் திருப்பலாம். ஆனால் புதிதாகப் பழகுபவர் ஒரு பழைய புத்தகத்துக்காக மென்பொருளைத் திருப்பி வைப்பது பிழையான பழக்கம்; நாளைக்கு வேறொரு கணினியில் உட்கார்ந்தால் கை தடுமாறும். அதே 1.0இல் எக்ஸ்டென்ஷன்கள் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்கள்) பைத்தன் 3 என்ற நிரல்மொழி வேர்ஷனுக்கு மாறின. பழைய நூல் சொல்லும் எக்ஸ்டென்ஷனைத் தேடிப் பிடித்துப் பொருத்தினாலும் பெரும்பாலும் இயங்காது.

கிர்சானோவின் இரண்டாம் பதிப்பு இந்த இரண்டு மாற்றங்களுக்கும் பின்னால் எழுதப்பட்டது. அதை முன்னுக்கு வைப்பதற்கு இதுவே முதற்காரணம். ஆனால் அதுவும் வயதாகும் நூல்தான். 2022 மேயில் வந்த 1.2 ஒரே கோப்பில் பல பக்கங்களைக் கொண்டுவந்தது, லேயர் பட்டியலையும் ஒப்ஜெக்ட் பட்டியலையும் ஒன்றாக்கியது, எக்ஸ்போர்ட் பெட்டியை முழுதாக மாற்றியது. 2023 ஜூலையில் 1.3 வந்தது, வடிவங்களை இழுத்து இணைக்கும் ஷேப் பில்டர் அதில்தான் சேர்ந்தது. இவை எதுவும் 2021 நூலில் இருக்க முடியாது. எக்ஸ்போர்ட் பற்றிய பக்கங்களை மட்டும் விட்டுவிட்டு, இன்றைய பெட்டியை நேரே பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். மற்றபடி கூடுதலாக வந்தவை சேர்க்கைகள். நூல் சொல்லும் எண்ணைப் பிழையாக்குபவை அல்ல. சேர்க்கையைப் பிறகு படிக்கலாம். பிழையான எண்ணோடு பழகினால் ஒவ்வொரு அச்சு வேலையிலும் அடி விழும்.

மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் தேடுபவர்களும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அட்டையைப் பார்க்காதீர்கள், உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து ஆண்டைப் பாருங்கள். இங்க்ஸ்கேப் நூல் 2017க்கு முந்தியது என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஆண்டு சரி என்றால் கடைசிப் பக்கங்களில் சுட்டியைப் பாருங்கள். பவுண்டிங் பொக்ஸ் (வடிவத்தைச் சுற்றிய எல்லைப் பெட்டி) இருக்கிறதா? படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் கிளிப்பும் மாஸ்க்கும் தனித்தனியாக இருக்கின்றனவா? நோட் (பாத்தில் உள்ள புள்ளி) வகைகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் அது உசாத்துணை நூல் அல்ல. பின்னட்டையில் சீடி ஒட்டியிருந்த காலத்துப் பாடநூல்களில் பெரும்பாலும் சீடி இருக்காது. பயிற்சிக் கோப்பு இல்லாத பாடநூல் பாதி நூல்.

பவுண்டிங் பொக்ஸை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. 100 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றுக்கு 2 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக் கொடுத்தால் அகலப் பெட்டி 102 என்று காட்டும், ஏனெனில் இங்க்ஸ்கேப் வழமையாக அளப்பது கண்ணுக்குத் தெரியும் எல்லையை. பழகுபவர் 'பிழையாகிவிட்டது' என்று 100 ஆக்குவார். உள்ளே பாத் 98க்குப் போய்விடும். வெட்டும் வேலைக்கு இது நேரடி நட்டம். பிரிஃபரன்சஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய் ஸ்ட்ரோக்கைச் சேர்க்காத வடிவ எல்லைக்கு மாற்றினால் தீர்ந்தது. இதேபோல ஆடிவேல் பெனர் வேலையில் அடிக்கடி நடப்பது இன்னொன்று: 5 சென்ரிமீற்றருக்கு வரைந்த இலச்சினையை ஃபிளெக்ஸுக்காக ஒரு மீற்றருக்குப் பெருப்பித்தால், 1 மில்லிமீற்றராக இருந்த கோடு 20 ஆக வேண்டும். தெரிவுக் கருவியின் மேற்பட்டையில் ஸ்ட்ரோக்கையும் சேர்த்துப் பெருப்பிக்கும் பொத்தான் அணைந்திருந்தால் கோடு 1 மில்லிமீற்றராகவே நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இலச்சினையே மறைந்துவிடும். நாளாந்தம் ஒரு புத்தகத்தைத் திறக்க வைப்பவை இத்தகைய விஷயங்கள்தான். கிர்சானோவ் இவற்றில்தான் பலசாலி.

பாவின் நூலை ஏன் முழுதாகத் தள்ளவில்லை? இங்க்ஸ்கேப் படத்தைச் சேமிக்கும் எஸ்.வி.ஜி கோப்பின் உள்ளே அவர் அழைத்துப் போகிறார். மென்பொருளின் மெனு மாறும். கோப்பு வடிவம் அப்படி மாறுவதில்லை. எஸ்.வி.ஜி 2001இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சியின் பரிந்துரையாக வந்தது, 1.1இன் இரண்டாம் பதிப்பு 2011இல் வந்தது. இங்க்ஸ்கேப் இன்றும் நிற்பது அந்த அடித்தளத்தில். அந்த அடித்தளத்தைப் பற்றி அவர் எழுதியவை பழுதாகவில்லை. கோப்பின் உள்வரிகளைக் காட்டும் எக்ஸ்.எம்.எல் எடிட்டரைத் திறந்தால் தெரியும் ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது, ஒரு வடிவத்தின் இடப்பெயர்ச்சி எங்கே எழுதப்படுகிறது, உலாவியில் படம் ஏன் வேறாகத் தெரிகிறது என்பவற்றுக்கு அவரிடம் போக வேண்டும். நூலின் இணைய வடிவத்தை அவரே இலவசமாக வைத்திருக்கிறார். அதனால்தான் வாங்க வேண்டாம் என்பது. என் கணக்கு அச்சுப் பக்கத்திலிருந்து போடப்பட்டது. வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து இணையத்தளங்களுக்கு ஐகன் செய்து கொடுக்கும் ஒருவருக்குத் தராசு பா பக்கம் சாயலாம்.

எந்த நூலை வாங்கினாலும் நம் வேலைக்கு இரண்டு குறைகள் மிஞ்சும். முதலாவது தமிழ். யுனிகோட் எழுத்துருவை இங்க்ஸ்கேப் ஒழுங்காகக் கோத்துக் காட்டும். கொழும்பு அச்சகங்களில் இன்னும் புழங்கும் பாமினி வேறு வகை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். அனுப்புமுன் எழுத்தை கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி அழுத்திப் பாத்தாக மாற்றிவிடுங்கள். திருத்தக்கூடிய பிரதியை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மாற்றிய பிறகு ஒரு புள்ளி விடுபட்டாலும் தட்டச்சிட்டுத் திருத்த முடியாது.

இரண்டாவது நிறம். இங்க்ஸ்கேப் வேலை செய்வது திரைக்கான ஆர்.ஜி.பி (சிவப்பு, பச்சை, நீலம்) நிறமுறையில், ஒஃப்செட் அச்சுக்கு வேண்டியது நான்கு மைகளின் சி.எம்.வை.கே. ஆர்.ஜி.பி கறுப்பு அச்சகத்தில் நான்கு மையாகப் பிரிந்துவிடலாம். தகடுகள் மயிரளவு விலகினாலும் திருமண அழைப்பிதழின் சின்ன எழுத்துகளுக்கு நிற ஓரம் விழும். எஸ்.வி.ஜியை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொண்டுபோய், எழுத்தை ஒற்றைக் கறுப்பு மையாக மாற்றி, அங்கிருந்து பி.டி.எஃப் எடுப்பது நம்பகமான வழி. நிழலோ மங்கலோ வைத்திருந்து இங்க்ஸ்கேப்பிலேயே பி.டி.எஃப் எடுத்தால், சேமிக்கும் பெட்டியில் ராஸ்டர் தெளிவு (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது) 96 என்று இருப்பதை 300 ஆக்குங்கள். அப்படியே விட்டால் நிழல் கட்டம் கட்டமாக அச்சாகும்.

போட்டோக் கொப்பி எடுத்துக் கட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உரிமைப் பிரச்சினை ஒரு பக்கம் இருக்க, கறுப்பு வெள்ளைப் பிரதியில் கிரேடியன்ட், நிறம் பற்றிய அத்தியாயங்கள் வெறும் சாம்பல் பட்டைகளாகிவிடும். எந்தக் கைப்பிடி எந்த நோட்டுக்கு உரியது என்றே தெரியாது. மின்னூல் அதைவிட நல்லது, இரண்டாவது திரை இருந்தால். 14 அங்குல மடிக்கணினி ஒன்றே இருந்தால் இங்க்ஸ்கேப்பின் பக்கப் பெட்டிகள் பாதித் திரையை எடுத்துவிடும்; மின்னூலுக்கும் வரைபடத்துக்கும் இடையே மாறி மாறித் தாவ வேண்டிவரும். அப்படியானவர்கள் தாள் நூலையே வாங்குங்கள். மென்பொருளின் மொழியை பிரிஃபரன்சஸில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு முதற்பக்கத்தைத் திறவுங்கள். நூலிலும் திரையிலும் மெனுப் பெயர் ஒன்றாக இருந்தால்தான் தேடும் நேரம் மிஞ்சும்.